பிள்ளைக் காம்பரா முதலில், கடை பிறகு

ஏப்ரல் வசந்த காலம் வந்தால் நுவரெலியாவின் நினைவுப் பொருள் கடைகளில் கொழுந்துக்காரிப் பொம்மை வரிசை கட்டி நிற்கும். மரத்தில் ஒன்று, துணியில் ஒன்று. முதுகில் கூடை, முகத்தில் தீராத சிரிப்பு. நம் வாசகர்களிலும் சிலர் அதைச் செய்து விற்கிறார்கள். விற்கட்டும்; வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஆனால் விளையாட்டுப் பொருள் கண்டுபிடிப்பாளராக வேண்டும் என்று புறப்படும் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்து இளைஞர்கள் வரையும் முதல் படமும் அதே கூடைக்காரியாக இருப்பதுதான் நமக்கு உறுத்துகிறது. அது அலுமாரியில் வைக்கும் பொருள். எந்தப் பிள்ளையும் அதை இழுத்துக்கொண்டு ஓடியதில்லை, அது வேண்டுமென்று உருண்டு புரண்டு அழுததுமில்லை. நம்மைக் காட்டி வெளியாருக்குச் செய்த பொம்மை அது. நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் செய்யத் தொடங்கவில்லை.

மலையகத்தில் இந்தத் தொழிலைத் தொடங்குபவரின் முதல் வாடிக்கையாளர் சுற்றுலாப் பயணியும் அல்ல, கொழும்புக் கடையும் அல்ல. தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா என்பதே இந்த இதழின் கட்சி.

இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். 1992 இல் தோட்டங்கள் தனியார் முகாமைக்குப் போனபோது உருவான ட்ரஸ்ட், அதாவது இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், இவற்றைக் கவனிக்கிறது. 2015 இல் உலக வங்கி ஒப்புதல் அளித்த 5 கோடி டொலர் முன்பிள்ளைப் பருவத் திட்டத்திலும் தோட்டப்புறத்துக்குப் பங்கு இருந்தது. கட்டடம், சத்துணவு, கழிப்பறை எல்லாம் பேசப்படுகின்றன. விளையாட்டுச் சாமான் மட்டும் பல இடங்களில் யாரோ கொடுத்ததாகவே வந்து சேர்கிறது. வந்த பிளாஸ்டிக் லொறியின் சில்லு சீக்கிரமே கழன்றுவிடும். கழலாத நல்ல சாமான் அலுமாரியின் மேல் தட்டில் ஏறி, பார்வையிட ஆட்கள் வரும் நாளில் மட்டும் கீழே இறங்கும். ஆயம்மாவைக் குறை சொல்ல முடியாது. உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அந்த மேல் தட்டை ஒரு தரம் பார்த்தாலே நமக்குச் சந்தை நிலைமை விளங்கிவிடும்.

உலகத்துப் பெரிய கம்பனிகள் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பதற்கென்றே காசு செலவழிக்கின்றன. நமக்கு அது லயத்திலிருந்து நாலு எட்டில் இருக்கிறது. பெரட்டுக்கு முன் தாய் கொண்டுவந்து விடுகிறாள். தினமும் அதே பிள்ளைகள், அதே தரை, கைக்குழந்தையிலிருந்து 5 வயது வரை. நிர்வாகத்திடமும் ஆயம்மாவிடமும் கேட்டுக்கொண்டு, பெயின்ட் பூசாத மாதிரிகள் இரண்டை அங்கே விட்டுவிட்டு வாருங்கள். அதற்கு முன் கூரும் பிசிரும் போகத் தேய்த்திருக்க வேண்டும், கழன்று வாய்க்குள் போகும் துண்டு எதுவும் இருக்கக் கூடாது. சில வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். எது உடைந்தது, எங்கே உடைந்தது, எது மேல் தட்டுக்குப் போனது, எதற்காகப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள்? லொறியைக் கவிழ்த்துப் போட்டு அதன் சில்லையே சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்களுக்கு வேறொரு சாமானை வரைந்து காட்டுகிறது. ‘அப்பிடி இல்ல ராசா, இப்பிடி’ என்று சொல்லிக் கொடுக்கக் கை துறுதுறுக்கும். சொல்லாமல் நிற்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை.

அப்படி நின்று பார்த்தவருக்கு முதலில் தெரியவருவது தரை. கொழும்பில் வரைந்த இழுவைக் கார் சமதளத்தை நம்பி வரைந்தது. நம் பிள்ளைக்குச் சமதளம் என்றால் இஸ்தோப்பு மட்டும்தான். அதைத் தாண்டினால் படி, படியைத் தாண்டினால் கான். கைவிட்ட வண்டி கானோடு போகும், பின்னாலேயே பிள்ளையும் போகும். ஆகவே சில்லு எவ்வளவு இலகுவாக ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்ற விதி இங்கே செல்லாது. அச்சில் ஒரு சிறு தோல் துண்டையோ ரப்பர் வளையத்தையோ இறுக்கிப் பிடிப்புக் கொடுத்தால், இழுத்தால் வரும், விட்டால் சரிவிலும் நிற்கும் வண்டி கிடைக்கும். மறுபக்கம், சரிவில் தானாகவே அடி வைத்து இறங்கும் மரப் பொம்மை இருக்கிறது. கால் இரண்டும் ஆடும்படி பொருத்தி, பாதத்தை வளைவாகச் சீவினால் அது நடக்கும். பற்றரி வேண்டாம், சாவி வேண்டாம். மற்ற ஊர்களில் அதற்காகப் பலகையைச் சாய்த்து வைக்க வேண்டியிருக்கிறது. நமக்கு ஊரே சாய்வு.

அடுத்தது மழை. தென்மேல் பருவம் தொடங்கினால் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பிள்ளைகளின் விளையாட்டு மாதக் கணக்கில் உள்ளே அடைபட்டுவிடும். லயக் காம்பராவின் அளவு நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்காத, கட்டிலுக்குக் கீழே போகாத, ஈரத் துணியால் துடைக்க முடியாத சாமானை யாரும் இரண்டாவது தடவை வாங்க மாட்டார்கள்.

கருவுக்குப் பஞ்சமில்லை. நம் ரயில் பாதையின் ஏற்றம் 44 க்கு 1. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம். தெமோதரையில் பாதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தன் நிலையத்துக்கு அடியிலேயே நுழைகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு அந்த யோசனை வந்தது என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ போகட்டும்; அந்தத் தலைப்பாகைச் சுற்றை மரத்தில் செய்து பார்க்க நம் பட்டறைகளில் ஒருவராவது முன்வர வேண்டும்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக. சவுக்கு கைக்கு எட்டும், ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். முகமூடி கட்டிக்கொண்டு அறுங்கள், பச்சையாகப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டை அடர்த்தியானது. பலகை வராது, மணி, முளை, கைப்பிடி கடைய நல்லது. பால் வற்றிய பின் மறுநடுகைக்காக வெட்டப்படும் ரப்பர் மரம் கேகாலைப் பக்கத்திலிருந்து யட்டியாந்தோட்டை, கினிகத்தேனை வழியாக மேலே வர ஒரே ரோட்டுதான். தாய்லாந்தின் பிளான்டோய்ஸ் கம்பனி 1981 இலிருந்து அந்த மரத்தை நம்பியே வளர்ந்தது. எந்த மரமானாலும் நம் குளிர்க்காற்றில் ஈரத்தைக் குடித்திருக்கும். காய்ந்த நாட்டுக்குப் போனால் சுருங்கி மூட்டு விடும். மூடிக் கிடக்கும் தேயிலை ஸ்டோர்களின் வாட்டும் மாடியை மரம் காயவைக்கக் கேட்டுப் பார்க்கலாம் என்பது நமது யோசனை. தோட்டத்து மரம் தோட்டத்தின் சொத்து. ஒரு கொப்பானாலும் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பூச்சில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. விளையாட்டுப் பொருளுக்கான பெயின்டில் ஈயம் 10 இலட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. கதவுக்கும் கேட்டுக்கும் வாங்கி மிஞ்சிய இனாமலை எடுத்துப் பூசும் பழக்கம் இன்றோடு நிற்க வேண்டும். மாத்தளையில் ஹபுவிட அரக்கு வேலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைந்த மரத்துக்கு நிறம் ஏற்றுகிறார்கள். அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ள நமக்கு என்ன கூச்சம்? பெயின்ட் பூசாத வெறும் மரமும் மோசமில்லை. 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கான சாமானில், கழன்று வரக்கூடிய எந்தத் துண்டும் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கக் கூடாது. அந்த அளவில் ஒரு குழாயைப் பட்டறையில் தொங்கவிடுங்கள்.

குன்றிமணியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சித்திரைக்குச் சிங்கள வீடுகளில் ஒலிந்தக் கெலிய, நம் வீடுகளில் பல்லாங்குழி; இரண்டும் குழிப்பலகை ஆட்டம்தான். ஒரே பலகையை இரண்டு வீட்டுக்கும் விற்கலாம், ஏப்ரலில் நல்லாகவே விற்கும். ஆனால் ஒலிந்தக் கெலியவுக்கு வழக்கமாக எடுப்பது குன்றிமணி. அதை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பையில் புளியங்கொட்டையைப் போட்டு, பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி விற்க வேண்டும்.

நம்மிடம் முன்பள்ளி ஆசிரியைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அரவிந்த் குப்தா சும்மா செய்யக் கற்றுக் கொடுக்கிறாரே, நாங்கள் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்து, லொறிக் கம்பனி வேலையை விட்டு வந்தவர் குப்தா. ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் கோர்த்து வீடும் கோபுரமும் கட்ட வைத்தார். தன் புத்தகங்களை யாரும் இலவசமாக எடுக்கலாம் என்று திறந்து வைத்தார். 2018 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கேள்வி நியாயமானது. நமது பதில்: அவரது வழியில் பிள்ளையே செய்யக்கூடியதை நாம் விற்கக் கூடாது. காற்றாடியைப் பெட்டியில் போட்டு விற்பவருக்கு இந்த இதழில் ஆதரவில்லை. ஆனால் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் பலரை ஒருவராகப் பார்க்கும் ஆயம்மாவுக்கு வெட்டி ஒட்ட நேரமில்லை. இருபது பிள்ளைகள் தினமும் அடித்தாலும் சில வருடம் தாங்கும் சாமான் அவருக்கு வேண்டும். நாம் விற்பது அந்தத் தாக்குப்பிடிப்பையும், உடைந்தால் வந்து திருத்தித் தரும் வாக்கையும்தான்.

இனிக் கணக்கு. 2024 இல் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது; இந்தக் கணக்கு அதை வைத்தே. 8 மணி நேரத்துக்கு அதைப் பிரித்தால் மணிக்கு ஏறத்தாழ 170. ஒரு வண்டிக்கு 3 மணி நேரம் என்றால் கூலி 510. மரம், ஒட்டு, அரக்கு, சேன்ட் பேப்பருக்கு 250 என்றும், மின்சாரம், பழுதான துண்டு, பஸ் கூலிக்கு 140 என்றும் உதாரணத்துக்கு வைப்போம். அடக்க விலை 900. கால் பங்கு லாபம் சேர்த்தால் 1,125. கடைக்காரர் அதை இரட்டிப்பாக்கினால் 2,250. ஹட்டன் டவுனில் சில நூறு ரூபாவுக்கு பிளாஸ்டிக் கார் கிடைக்கும்போது, அந்தக் கணக்கில் ஒரு நாள் பேருக்கு 1,350 வாங்கும் தாய் 2,250 கொடுப்பாளா? மாட்டாள், கொடுக்கவும் கூடாது. இந்த இடத்தில்தான் பலர் தங்கள் கூலியை மறைத்து விலையைக் குறைக்கிறார்கள். தங்கச்சி இரவிரவாகத் தேய்த்த நேரத்துக்குக் கணக்கே இருக்காது. கொஞ்ச நாளில் பட்டறை மூடும், அதை நடத்திய பிள்ளை கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும்.

அதே வண்டியைப் பிள்ளைக் காம்பராவுக்கு நேரே கொடுத்தால் 1,125 தான். இருபது பிள்ளைகள் விளையாடினால் தலைக்கு 60 ரூபாவுக்கும் குறைவு. அதனால்தான் காம்பரா முதலில் என்கிறோம். தோட்டக் கம்பனிகளும் ட்ரஸ்டும் ஒன்று செய்யலாம்: மொத்தமாகக் கொழும்பில் வாங்காமல், தோட்டத்துக்குத் தோட்டம் சிறு தொகையாக உள்ளூர்ப் பட்டறைகளிடம் வாங்க வழி திறக்கலாம். அதற்கு நம் பக்கத்தில் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவும், ஒழுங்கான பற்றுச்சீட்டும் இருக்க வேண்டும். பலரிடம் அது கூட இல்லை.

வெளிநாட்டுச் சந்தை பிறகு வரட்டும். வராது என்று சொல்லவில்லை. பிரித்தானியாவின் லங்கா கடே 1994 இலிருந்து இலங்கையில் கையால் செய்த மரச் சாமான்களை விற்கிறது. குருநாகலில் செலின் 1991 இலிருந்து கைத்தறித் துணிப் பொம்மை செய்கிறது. அந்த நிலைக்குப் போகும்போது புலமைச் சொத்துச் சட்டம் உதவும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டப்படி வடிவமைப்பைப் பதிந்தால் 5 வருடம், இரண்டு தடவை புதுப்பிக்கலாம். சிறு பட்டறைக்குப் புத்தாக்க உரிமத்தை விட வடிவமைப்புப் பதிவும் வர்த்தகக் குறியும் போதும். மொனோப்பொலியின் மூல ஆட்டத்தை 1904 இலேயே உரிமம் எடுத்து வைத்திருந்தவர் லிசி மேகி. 1935 இல் பார்க்கர் கம்பனி அதை 500 டொலருக்கு வாங்கிக்கொண்டது. விற்பனையில் பங்கு கிடையாது. காகிதத்தில் உரிமம் இருந்தும் பேரம் பேசத் துணை இல்லாவிட்டால் நடப்பது அதுதான்.

கடைசியாக ஒரு பிரேரணை. பிராங்க் ஹோர்ன்பி 1901 இல் மெக்கானோவுக்கு உரிமம் பெற்றபோது, ஓட்டைகளுக்கிடையே எப்போதும் அரை அங்குலம் என்று வைத்தார். எந்தப் பெட்டியின் துண்டும் எந்தப் பெட்டியோடும் சேர்ந்தது. நம் பட்டறைகள் ஆளுக்கொரு அளவில் கடைவதால், கொட்டகலையில் செய்த வண்டியின் சில்லு உடைந்தால் பொகவந்தலாவையில் மாற்ற முடிவதில்லை. அச்சு 8 மில்லிமீற்றர், சில்லு 40 மில்லிமீற்றர், ஓட்டை இடைவெளி 25 மில்லிமீற்றர் என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளலாம் என்று முன்வைக்கிறோம். 40 என்றால் சில்லு சோதனைக் குழாய்க்குள் போகாது. சில்லைப் பிடிக்கும் முளை தனியாகக் கழன்றால் உள்ளே போய்விடும். ஆகவே சின்னப் பிள்ளைகளின் சாமானில் அதை ஒட்டியே ஆக வேண்டும், திருத்தும்போது துளைத்து எடுக்கலாம். 8 க்குப் பதில் 10 தான் தாங்கும் என்று சொல்லும் மர பாஸ்மார் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு அளவிலும் செய்து ஒரு காம்பராவில் விட்டுப் பார்த்து, உடைந்த துண்டுகளோடு எழுதட்டும். அடுத்த இதழில் அளவை முடிவு செய்வோம்.