உர மூட்டையில் ‘செயலற்ற’ பொருள் என்று எதுவும் இல்லை

ஒரு கிலோ தூள் உப்புப் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால், பலவற்றில் 536 என்ற எண் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். உப்பு கட்டிதட்டாதிருக்கச் சேர்க்கப்படும் பொட்டாசியம் பெர்ரோசயனைடின் அடையாள எண் அது. சேர்க்கப்படுவது மிகச் சொற்ப அளவே. ஆனாலும் உண்பவருக்கு அதை அறியும் உரிமை உண்டு என்று உணவுச் சட்டம் கருதுகிறது. அதே வேலையைச் செய்யும் பொருள்கள் உர மூட்டைக்குள்ளும் இருக்கின்றன. மூட்டையின்மேல் அவற்றின் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடு மட்டும் இருக்கிறது. எஞ்சியதை ஆய்வுலகம் ‘செயலற்ற பொருள்’, ‘நிரப்பி’, ‘துணைப்பொருள்’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறது.

இச்சொற்கள் பொய்யானவை. ஒன்றும் செய்யாத பொருளைப் பணம் கொடுத்து வாங்கி உருகிய உரத்தில் கலக்கும் ஆலை உலகில் எங்கும் இல்லை.

குருணை யூரியாவை எடுத்துக்கொள்ளலாம். உருகிய யூரியாவைச் சிறு மணிகளின்மேல் தெளித்துப் படலம் படலமாக வளர்த்துக் குருணையாக்குகிறார்கள். தெளிப்பதற்கு முன் அதில் யூரியா–பார்மால்டிகைடு கரைசல் சேர்க்கப்படுகிறது. பார்மால்டிகைடின் பங்கு மொத்த எடையில் ஏறத்தாழ அரை விழுக்காடுதான். அது இல்லையென்றால் குருணை எளிதில் நொறுங்கும், ஆலைக்குள் தூசி பெருகும், கிடங்கில் மூட்டை பாறையாக இறுகும். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. சேர்த்த பார்மால்டிகைடின் பெரும்பகுதி யூரியாவுடன் வினைபுரிந்து மெத்திலீன் டையூரியா போன்ற சேர்மங்களாக மாறிவிடுகிறது. ஆயினும் மூட்டையின்மேல் ‘யூரியா’ என்று மட்டுமே இருக்கிறது. குருணை குருணையாக நிலைத்திருக்கக் காரணமான பொருள் அச்சில் இல்லை.

‘நிரப்பி’ என்ற சொல்லுக்கு வலுவான மறுப்பு கால்சியம் அம்மோனியம் நைட்ரேட். பஞ்சாபின் நங்கல் ஆலை 1960களிலேயே தயாரித்த உரம் இது. அம்மோனியம் நைட்ரேட்டில் தழைச்சத்து 35 விழுக்காடு. அதனுடன் சுண்ணாம்புக்கல் அல்லது டோலமைட் தூளைக் கலந்து 25, 26 விழுக்காட்டுக்குக் குறைக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தின்படி அந்தத் தூள் வெறும் நிரப்பி. உண்மையில் வெடிக்கும் ஆபத்தைத் தணிப்பதும், அம்மோனியத்தால் மண்ணில் ஏறும் அமிலத்தன்மையை ஓரளவு சமன் செய்வதும் அதுதான். உயிரையும் மண்ணையும் காப்பதற்கு ‘நிரப்பி’ என்று பெயர் வைத்த துறை, சொற்களைப் பற்றி அதிகம் சிந்தித்த துறையாக இருக்க முடியாது.

பெண்டோனைட் கந்தகத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. 90 விழுக்காடு கந்தகம், எஞ்சியது களிமண். மண்ணில் ஈரம் பட்டதும் களிமண் உப்பிக் குருணையை உடைக்கிறது. கந்தகம் நுண்துகளாகச் சிதறுவது அதன்பிறகுதான். அப்படிச் சிதறாவிட்டால் நுண்ணுயிர்கள் அதைச் சல்பேட்டாக மாற்றப் பல காலம் ஆகும். அங்கே வேலை செய்வது களிமண், பெயர் வாங்குவது கந்தகம்.

கலப்பு உரங்களில் இந்த மௌனத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம். 30 பாகை வெப்பத்தில் யூரியா காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சத் தொடங்க, ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 73 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு அந்த எல்லை 59 அளவில். இரண்டையும் கலந்தால் 18! பருவமழைக் காலத்தில் இந்தியாவின் எந்தக் கிடங்கும் அத்தனை உலர்ந்திருக்காது. சூப்பர் பாஸ்பேட்டுடன் யூரியாவைக் கலந்தாலும் இதே தொல்லைதான். பாஸ்பேட் படிகத்தில் கட்டுண்டிருந்த நீரை யூரியா வெளியேற்றி அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. கலவை தானாகவே நசநசத்துப் பிறகு இறுகுகிறது. அமிலத்தைச் சமன் செய்யும் தாதுத் தூள், துகளைப் பிணைக்கும் கரும்பாலைக் கழிவுப்பாகு, லிக்னோசல்போனேட், மேற்பூச்சாகக் கொழுப்பு அமீன் கலந்த கனிம எண்ணெய், அதன்மேல் களிமண் பொடி என்று ஆலைகள் கையாளும் வழிகள் பல. எந்த மூட்டையில் எது இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. விற்பவருக்கும் தெரியாது.

தெரியாமையின் விளைவை மொழியே காட்டிக்கொடுக்கிறது. தமிழில் ‘கலப்பு’ என்ற சொல்லுக்கு அடுத்த படி ‘கலப்படம்’. இந்தியில் ‘மிலானா’ என்றால் கலப்பது, அதே வேரில் பிறந்த ‘மிலாவட்’ என்றால் கலப்படம். காரணத்தோடு, அளவோடு, அறிவித்துச் சேர்த்த பொருளைக் குறிக்க இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் அன்றாடப் பேச்சில் வேரூன்றவில்லை. ஆகவே உரத்தைக் கரைத்த வாளியின் அடியில் கரையாத தூள் தங்கினால் விவசாயி ‘கலப்படம்’ என்கிறார். அது டோலமைட்டாக இருக்கலாம், ஏமாற்றுக்காரர் கலந்த மணலாகவும் இருக்கலாம். பார்த்துப் பிரித்தறிய அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. பெயரிடாமை நேர்மையான ஆலையைச் சந்தேகத்துக்கும், போலி உரம் விற்பவரைப் பாதுகாப்புக்கும் உரியவர்களாக்குகிறது.

பெயரிட்ட ஒரே சேர்க்கைப் பொருளின் நிலையைப் பார்ப்போம். 2015 முதல் நாட்டில் வேளாண்மைக்கு விற்கும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயம். தழைச்சத்து வீணாவதைக் குறைப்பது ஒரு நோக்கம், மானிய யூரியா தொழிற்சாலைகளுக்குத் திருப்பப்படுவதைத் தடுப்பது இன்னொன்று. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களில் வேம்பை ஆராய்ந்தவர்கள் விதைச்சாற்றையும், யூரியாவின் எடையில் பல விழுக்காடு பிண்ணாக்கையும் கொண்டு சோதித்தார்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணை இன்று கேட்கும் குறைந்தபட்ச அளவு 0.035 விழுக்காடு. 45 கிலோ மூட்டைக்கு இது ஏறத்தாழ 16 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். அதையும் பென்சீனில் கரையும் பகுதியாகத்தான் அளக்கிறார்கள். நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும் மெலியாசின்கள் அதில் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. ‘வேம்பு’ என்ற சொல்லின் பண்பாட்டு மதிப்பு முழுவதும் மூட்டைமேல் ஏறிக்கொண்டது. அளவு மட்டும் ஏறவில்லை.

இதில் ஆய்வுலகின் பங்கு சிறிதன்று. 2015-க்குப் பின் வயல் சோதனை நடத்திக் கட்டுரையில் ‘யூரியா’ என்று மட்டும் எழுதுவோர் எதைக் குறிக்கிறார்கள்? கடையில் வாங்கியதென்றால் அது பூசப்பட்ட யூரியா. புதிய பூச்சு ஒன்றை ‘சாதாரண யூரியா’வோடு ஒப்பிட்டு விளைச்சல் கூடியது என்று முடிவெழுதுபவர், அந்தச் சாதாரண யூரியாவை எங்கே பெற்றார்? பூசப்படாததை ஆலையிலிருந்து தனியே வருவித்தாரா, பூச்சைக் கழுவினாரா? ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய செய்தி இது. சொல்லாவிட்டால் ஒப்பீடே ஐயத்துக்குரியதாகிறது. மண்ணின் கார அமில நிலையை இரண்டு தசம இடம் வரை கேட்கும் புறத்தேர்வாளர்கள் இதைக் கேட்பதில்லை.

2023-இல் அறிமுகமான, கந்தகம் பூசிய ‘யூரியா கோல்டு’ இந்த வாதத்துக்கு எண் வடிவம் தருகிறது. 40 கிலோ மூட்டை, 37 விழுக்காடு தழைச்சத்து, 17 விழுக்காடு கந்தகம். விலை 45 கிலோ வேம்பு யூரியாவின் விலையான 266.50 ரூபாயே. பழைய மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து, புதியதில் 14.8. கந்தகக் குறைவுள்ள மண்ணுக்கு இது நல்ல பேரமாக இருக்கலாம். ஆனால் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று கணக்கிடும் உழவர் மூட்டைக்கு ஏறத்தாழ 6 கிலோ தழைச்சத்தை அறியாமலே குறைத்துவிடுவார். ஒன்றைக் கவனிக்க வேண்டும். கந்தகத்தின் அளவு வெளியே தெரிவது அதுவும் ஓர் ஊட்டச்சத்து என்பதால்தான். பூச்சு மெழுகாகவோ பாலிமராகவோ இருந்திருந்தால் கணக்கிடவே வழியிருக்காது. மண்ணில் மட்காத பாலிமர்ப் பூச்சு நுண்நெகிழியாகத் தங்கும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் உரப் பூச்சுகளுக்கு மட்கும் தன்மையை 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே நிபந்தனையாக்கியது. இங்கே பூச்சு எது என்று எழுதும் வழக்கமே இன்னும் தொடங்கவில்லை.

தொழில் ரகசியம் என்பார்கள். பொருளின் பெயரைச் சொல்வது செய்முறையைச் சொல்வதாகாது. உப்பு ஆலையோ பிஸ்கட் ஆலையோ இதனால் மூடப்படவில்லை. விவசாயிக்குப் புரியாது என்பார்கள். தழை, மணி, சாம்பல் என்ற கணக்கைக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது மட்டும் ஏன் புரியாது? மூட்டையில் இடமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ‘ஒரே நாடு ஒரே உரம்’ திட்டம் 2022 முதல் மூட்டை முகப்பின் மூன்றில் இரண்டு பங்கை ‘பாரத்’ என்ற பெயருக்கும் திட்டச் சின்னத்துக்கும் ஒதுக்கியிருக்கிறது.

சட்டம் மாறும்வரை பல்கலைக்கழகங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வேட்டின் பொருளும் முறையும் பகுதியில் மூன்று செய்திகள் போதும்: உரம் குருணையா உருளை மணியா, எங்கே பெறப்பட்டது, பூச்சும் சேர்க்கைப் பொருளும் எவை, எவ்வளவு. தெரியவில்லை என்றால் ‘உற்பத்தியாளர் தெரிவிக்கவில்லை’ என்று எழுதலாம். அந்த வாக்கியம் நூறு ஆய்வேடுகளில் அச்சானால், உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தக் கேட்பவர்களின் கையில் அதுவே சான்றாக இருக்கும்.