ராணுவ ஓடுபாதையில் விளையும் கரண்ட்! விவசாய நிலம் தப்பியது எப்படி?

தேவதானப்பட்டி: போர் விமானம் பறந்த இடத்தில் இன்று கரண்ட் விளைகிறது. ஜெர்மனியில் நடந்த இந்த சங்கதி, மாந்தோப்பையும் மானாவாரிக் காட்டையும் நம்பிப் பிழைக்கும் தேனி மாவட்ட மக்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

பெர்லினுக்கு கிழக்கே நொய்ஹார்டன்பெர்க் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பழைய ராணுவ விமானதளத்தில் 2012-ல் சுமார் 145 மெகாவாட் சோலார் பண்ணை போட்டார்கள்.

ஏன் அந்த இடம்? மேடு பள்ளம் கிடையாது. நிழல் விழ மரம் இல்லை. கான்கிரீட் தளத்தில் ஏர் ஓட்டவும் முடியாது. இதைவிட பெரிய காரணம் சட்டம். உழவு நிலத்தில் புதிதாக பேனல் வைத்தால் கரண்டுக்கு உத்தரவாத விலை கிடையாது, ராணுவம் கைவிட்ட நிலம் என்றால் உண்டு என 2010-ல் ஜெர்மனி அரசு விதியை மாற்றியது. அப்புறம் கம்பெனிகள் யாரும் சொல்லாமலே விமானதளங்களைத் தேடிப் போயின.

கமுதியில் நடந்தது

2-ம் உலகப்போர் கால ஓடுபாதை தமிழகத்திலும் உண்டு. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, சோழவரம் என பட்டியல் நீளும். சோழவரத்தில் பிற்பாடு கார் ரேஸே நடந்தது. ஆனால் பெரிய சோலார் பண்ணை வந்ததோ ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில். 2016-ல் முடிந்த அந்த பண்ணை 648 மெகாவாட். பிடித்த இடம் சுமார் 2,500 ஏக்கர்.

கட்டும்போது ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைத்தது. கட்டி முடித்ததும் பேனல் துடைக்க ரோபோ வந்துவிட்டது. நிலத்தை விற்றவர் கையில் ஒரு தடவை பணம் வரும். அதே காட்டில் களை எடுத்தவருக்கும், ஆடு மேய்த்தவருக்கும் என்ன கிடைக்கும்? இதுதான் கூலித் தொழிலாளி கேட்கிற கேள்வி.

பேனலுக்கு நடுவே காய்கறி

மலைக்கு அந்தப்பக்கம் கொச்சி விமான நிலையத்தில் வேறு வழி பிடித்தார்கள். 2015 ஆகஸ்டில் அங்கே 12 மெகாவாட் சோலார் நிலையம் திறந்தது. விமான நிலையத்துக்கு சொந்தமான காலி இடத்திலேயே பேனல் வைத்து, இடையில் காய்கறியும் போட்டார்கள். பேனல் கழுவும் தண்ணீர் செடிக்குப் போகிறது.

சோலார் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் வேண்டும் என்பதால், எந்த நிலம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மஞ்சளாறு தண்ணீர் பாயும் வயலா, ஒண்ணுக்கும் உதவாத தரிசா? மேய்ச்சலுக்கு பாதை விடுவார்களா? கட்டி முடித்த பிறகு உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை வேலை? புரோக்கர் அட்வான்சோடு வாசலுக்கு வருமுன்பே, சுற்றுவட்டார கிராமசபைகளில் இதையெல்லாம் கேட்டு வைப்பது நல்லது. பத்திரம் முடிந்தபின் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.