தலைக்கணக்கு

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் 'டாலி ஆகிறதா?' என்று தேடுவான். ஆகவில்லையென்றால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்'டில் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். ஒரு தேசமே தன் ஜனத்தொகையை அந்த அக்கவுண்ட்டில் வைத்திருக்கிறது சார். நைஜீரியா!

அங்கே 250 இனங்களுக்கு மேல். அதில் பெரிய தலைகள் மூன்று: வடக்கே ஹவுசா-ஃபுலானி, தென்மேற்கே யொரூபா, தென்கிழக்கே இக்போ. 1960-ல் சுதந்திரம் வந்தது. பார்லிமெண்ட் ஸீட்டும் பணத்தில் ஒரு பங்கும் தலைக்கணக்குப்படி என்றார்கள். அப்புறம் தலைகள் பெருகாமல் என்ன செய்யும்?

1962-ல் எண்ணினார்கள். தகராறு, ரத்து. 1963-ல் மறுபடி எண்ணியதில் 5.56 கோடி. அதற்கும் சண்டை. 1973-ல் எண்ணியதும் ரத்து. 2006-ல் 'எதுக்கு வம்பு' என்று இனத்தையும் மதத்தையும் கேட்கவே இல்லை. அப்படியும் வடக்கே கானோ 94 லட்சம், தெற்கே லாகோஸ் 91 லட்சம் என்றதும், 'நாங்க எண்ணினோம், ஒண்ணே முக்கால் கோடி!' என்றது லாகோஸ் அரசு. 2023-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன், 1966 வரும் வரை. அந்த வருஷம் இரண்டு ராணுவப் புரட்சிகள். வடக்கே ஆயிரக்கணக்கில் இக்போக்கள் கொல்லப்பட்டார்கள். 1967 மே மாதம் கிழக்குப் பகுதி 'பயாஃப்ரா' என்று தனி நாடானது. ஜூலையில் யுத்தம். உணவு போகும் வழியை அடைத்தார்கள். 1970 ஜனவரியில் முடிந்தபோது, பத்து லட்சம் பேர் செத்திருக்கலாம் என்கிறார்கள். பாதிக்கு மேல் பட்டினியால். முக்கியமாகக் குழந்தைகள். இதில் மட்டும் யாரும் தலையைக் கூட்டிச் சொல்லச் சண்டை போடவில்லை.

'ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை' என்றார் ராணுவ ஆட்சித் தலைவர் கவோன். நல்ல வார்த்தை. ஆனால் யுத்தத்தின்போது பயாஃப்ராவில் பேங்க் கணக்கு வைத்திருந்தவர்கள் போய் நின்றால், எவ்வளவு போட்டிருந்தாலும் கையில் கொடுத்தது 20 பவுண்டு!

பிற்பாடு ஒரு நல்ல விதி கொண்டு வந்தார்கள். ஜனாதிபதி ஆக வேண்டுமா? மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களிலாவது கால்வாசி ஓட்டு வாங்கியாக வேண்டும். சொந்த ஜனம் மட்டும் போதாது. அடுத்தவன் வாசலிலும் போய்க் கும்பிடு போட வேண்டும்.

அதெல்லாம் சரிதான். எனக்குத்தான் அந்த 20 பவுண்டை எந்த ஹெட்டில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.