பாறை விழும் பாதையில் நடப்பது யார்?

மழை பிடித்துக்கொண்டால் நம் மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். கொங்கண் ரயில்வேயின் தண்டவாளத் தொழிலாளிக்கோ மழையில்தான் வேலை கூடும்.

மகாராஷ்டிரத்திலிருந்து மங்களூர் வரை, மேற்குக் கடலோர மலைகளை வெட்டிப் போட்ட பாதை அது. 2003 ஜூன் 22 அன்று வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறைகளில் மோதி ரயில் தடம்புரண்டது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டே கரஞ்சாடி அருகே மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரசுக்கும் அதே கதி. பிறகு சரிவுகளில் இரும்பு வலை போர்த்தினார்கள். மழைக்கால வேகத்தைக் குறைத்தார்கள். ஆனாலும் கொட்டும் மழையில், இரவில், பாறை விழுந்திருக்கிறதா என்று நடந்து பார்ப்பவர் ஒரு மனிதர்தான்.

ரயில் எத்தனை மணி நேரம் தாமதம் என்பது செய்தியாகிறது. அந்த மனிதர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்தத் தொழிலாளியா, பாறை அவர்மேல் விழுந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது செய்தியாவதில்லை.

இதில் சாதி எங்கே வந்தது என்கிறவர்கள், கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் பாதையையும் ஏன் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது என்று யோசிக்கட்டும்.

தோழர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட 10 ரூபாய்தான் கட்டணம். மழைக்கால ரோந்தில் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், இழப்பீடு எவ்வளவு என்று கேளுங்கள். பயணியின் உயிரைக் காப்பவரின் உயிருக்கும் கணக்கு வேண்டும்.

ஜெய் பீம்!