டி.வி.யைத் தட்டாதீங்க பாட்டி!

பழைய டப்பா டி.வி.யில் படம் உருண்டால் தலையில் தட்டுவது பாட்டிகளின் வழக்கம். குற்றவாளி செட்டாப் பாக்ஸாக இருக்கலாம்!

எண்களாக வரும் படத்தை அலையாக மாற்றி மஞ்சள் ஒயரில் அனுப்புவது அதிலுள்ள வீடியோ என்கோடர் சிப். வரி எங்கே தொடங்குகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? சில சிப்களுக்குத் தனிக் கம்பியில் சிக்னல் வரும். மற்றவற்றில் 255, 0, 0 என அடுத்தடுத்து வரும் எண்கள்தான் அடையாளம். படப் புள்ளிகளுக்கு 0, 255 இரண்டுமே தடை, அதனால் குழப்பமில்லை. நான்காவது எண், வரியின் தொடக்கமா முடிவா என்று சொல்லிவிடும். உடனே சிப் ஒரு 'சிங்க்' துடிப்பைச் சேர்க்கும்.

நம்மூர் முறை 'பால்' (குடிக்கிற பால் இல்லீங்க!): 625 வரி, நொடிக்கு 25 படம். பேரன் செட்டிங்ஸில் 'என்.டி.எஸ்.சி.' என மாற்றியிருந்தால் 525 வரி, சுமார் 30 படம். பழைய டி.வி. தடுமாறி உருட்டும். மறுபடி 'பால்' வையுங்கள்.