வக்காலத்து போட்டால் வரலாறா?

பெரிய வங்கிகள் கட்சிக்காரர்கள், தரவரிசையில் இடம். இப்படிப்பட்ட ஒரு வக்கீல் நிறுவனத்துக்கு விக்கிப்பீடியாவில் கட்டுரை வர இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார் நண்பர். அந்த நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத யாராவது அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் அடுக்கிய ஆதாரங்களைப் பாருங்கள். ஒன்று, புதுப் பங்குதாரர் சேர்ந்ததாக நிறுவனமே விட்ட செய்திக்குறிப்பு. இன்னொன்று, தீர்ப்புச் செய்தியின் கடைசி வரியில் ‘மனுதாரர் சார்பில் ஆஜரானவர்கள்’ என்று வரும் பெயர். வழக்கு பிரபலம் என்றால் வழக்குக்குக் கட்டுரை எழுதலாமே!

வக்கீல் நிறுவனமே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பனாமாவின் மொசாக் பொன்சேகாவுக்குக் கட்டுரை இருக்கிறது. 2016-இல் அதன் 1.15 கோடி ஆவணங்கள் வெளியாகி, உலகப் பத்திரிகைகள் அதை அக்குவேறு ஆணிவேறாக அலசின. 2018-இல் கடையைச் சாத்தியது. நியூயார்க்கின் கிராவாத்துக்கும் உண்டு. சட்டக் கல்லூரியிலிருந்து நேராக ஆளெடுத்து உள்ளேயே வளர்க்கும் அதன் முறையை மற்றவர்கள் பின்பற்றினார்கள், ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

“இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாதே, பிறகு எப்படித்தான் தெரியவரும்?” என்பதுதான் இருப்பதிலேயே வேடிக்கை. பார் கவுன்சிலின் 36-ஆம் விதியைக் காட்டிக் கட்டுரை கேட்பவர், தான் கேட்பது விளம்பரம்தான் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறார்.