தடுத்தால் மட்டும் போதாது: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி காட்டிய வழி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 1954 இல் அவர் தொடங்கிய சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைதான். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அவர் சென்னை சட்டசபையில் செய்த பணியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பெண்பிள்ளைகளின் திருமண வயது பற்றி நமது நாட்டிலும் நமது சமூகத்திலும் பேசப்படும் இக்காலத்தில், அந்தப் பணியிலிருந்து மாணவிகளும் பெற்றோரும் கற்றுக்கொள்ள ஒரு விடயம் உண்டு என்பது எனது கருத்து.

அவர் 1886 ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டும் படித்துவந்த மகாராஜா கல்லூரியில், பலத்த எதிர்ப்பின் மத்தியில், மன்னரின் அனுமதியோடு படித்தார். 1912 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1926 இன் இறுதியில் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரித்தானிய இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதற் பெண் அவரே. அச்சபை அவரைத் துணைத் தலைவராகவும் தெரிவுசெய்தது.

அவருடைய தாயார் தேவதாசி மரபில் வந்தவர். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடும் அந்த வழக்கத்தின் துன்பத்தை அவர் அருகிலிருந்தே அறிந்திருந்தார். ஆகவே அதை ஒழிப்பதே சட்டசபையில் அவரது பெரும் போராட்டமாக இருந்தது. எனினும் அவர் தடையோடு மட்டும் நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோயிற் பணிக்காக அப்பெண்களுக்கு மானிய நிலங்கள் வழங்கப்பட்டிருந்தன. பணியை விட்டால் நிலமும் போய்விடும். நிலம் போனால் சாப்பாட்டுக்கு என்ன வழி? அவரது முயற்சியால் 1929 இல் வந்த சட்டத் திருத்தம், பணியிலிருந்து விடுபட்டாலும் நிலம் அப்பெண்களிடமே இருக்க வழிசெய்தது. அதன் பின்னரே, 1930 இல், பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் மசோதாவை அவர் கொண்டுவந்தார்.

அதே ஆண்டில் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். தடைச் சட்டம் நிறைவேறியது 1947 இல். இடைப்பட்ட காலம் பதினேழு ஆண்டுகள். அதாவது இன்று எனது வயது. அந்தப் பதினேழு ஆண்டுகளும் அவர் சட்டத்துக்காகக் காத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. போக்கிடமில்லாத பெண்பிள்ளைகளுக்காகத் தமது இல்லத்திலேயே ஔவை இல்லத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டார். முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி கிடைக்கப் பாடுபட்டார். தூர ஊர்களிலிருந்து படிக்க வரும் பெண்பிள்ளைக்குத் தங்குமிடம் இல்லாவிட்டால் படிப்பும் இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

திருமண வயது விடயத்திலும் இதே பாடம் உண்டு. பெண்ணுக்கு 16, ஆணுக்கு 21 என வயதை உயர்த்த வேண்டும் என்று 1928 இல் அவர் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். மத்திய சட்டசபையில் ஹர்பிலாஸ் சார்தா கொண்டுவந்த சட்டம் 1929 இல் நிறைவேறியபோது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றே நிர்ணயிக்கப்பட்டது. எல்லாச் சமயத்தவருக்கும் பொதுவான அந்தச் சட்டத்தை முஸ்லிம்களில் சிலர் எதிர்த்தனர். முகம்மது அலி ஜின்னா போன்றோர் ஆதரித்தனர். ஆனால் அது 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வருவதற்கு முன்னரே பல குடும்பங்கள் அவசர அவசரமாகச் சிறுமிகளுக்குத் திருமணம் செய்துவைத்தன. சட்டப் புத்தகத்தில் வயது மாறியது. வீடுகளில் பயம் மாறவில்லை.

இது வன்னியில் வாழும் நமக்குத் தெரியாத கதையல்ல. இலங்கையின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 1995 இலேயே 18 ஆக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் போரின் கடைசி ஆண்டுகளில், கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழியின்றி இளவயதிலேயே கலியாணம் செய்துவைத்த பெற்றோர் வன்னியில் பலர். அவர்களைக் குறைசொல்ல எவராலும் முடியாது. வேறு வாசல் இல்லாத இடத்தில் சட்டம் தோற்றுப்போகும் என்பதற்கு அது சாட்சி.

அப்படியானால் சட்டம் தேவையில்லையா? நிச்சயம் தேவை. 1951 இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்சத் திருமண வயதை விதிக்கவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த சிறுமியின் திருமணத்தைப் பதிவதற்குக் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே கூறியது. மணமகளின் கையொப்பத்தையும் அது கேட்கவில்லை. பெண்ணின் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அந்தச் சம்மதம் பதிவேட்டில் எழுத்தாக இருக்க வேண்டும் என்று கேட்பது மார்க்கத்துக்கு எப்படி மாறாகும்? சட்டத் திருத்தத்தை ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு தனது அறிக்கையைக் கையளித்தது 2018 இல். அறிக்கைக்கே ஒன்பது ஆண்டுகள்! அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு சிறுமி முதலாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுவாள்.

ஆகவே வயது 18 என்பதைக் கேட்போம். அதோடு நின்றுவிடாமல் மற்றதையும் சேர்த்துக் கேட்போம். தர்மபுரம், விசுவமடு போன்ற ஊர்களில் சாதாரண தரத்தோடு ஒரு பிள்ளையின் படிப்பு நின்றால், வீட்டாரின் மனம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. விரும்பிய பாடம் உள்ள பாடசாலை தூரத்தில் இருக்கும். மாலை வகுப்பு முடிந்து திரும்பிவர பஸ் இருக்காது. விடுதிக்குக் காசு போதாது. “இருட்டின பிறகு தனியே எப்படி வருவாய்?” என்று உம்மா கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சட்டம் இயற்றுபவர்களும், பிரதேச சபையும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், நமது சமூகத்தின் வசதியுள்ளோரும்தான்.

முத்துலட்சுமி ரெட்டி ஒரு கையால் தீய வழக்கத்தைத் தடுத்தார். மறு கையால் நிலத்தையும் விடுதியையும் இல்லத்தையும் கொடுத்தார். நமது பிரதிநிதிகள் வாக்குக் கேட்டு வரும்போது பெற்றோரே, இந்த இரண்டையும் கேளுங்கள். அடுத்த தேர்தலில் எங்களில் பலருக்கும் வாக்கு இருக்கும். நாங்களும் கேட்போம்.